மாயாவதியில் இளைப்பாறிய வீரத்துறவி

ஓயாது உழைப்பவனை உலகம் போற்றுகின்றது. அவனே உழைத்துக் களைத்துச் சற்றுச் சாய்ந்திருக்கக் கண்டால் அதே உலகம் முகஞ்சுளிக்கின்றது. சாகாமக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் நமக்கு இதன் தவறு எளிதிற் புலப்பட வேண்டும். வெட்டு முடிந்து சூடும் அடித்தான பின்னர் நிலத்தைச் சில காலம் ஆறவிடுகின்றோம். உழுத மாட்டை நுகத்திலிருந்து அவிழ்த்து, தண்ணீர் காட்டி, நிழலிற் கட்டுகின்றோம். மாட்டுக்குக் காட்டும் இந்த இரக்கத்தை, நமக்காக உழைக்கும் மனிதருக்கு நாம் காட்டுகின்றோமா? இக்கேள்வியை மனத்திற் கொண்டே இவ்வாண்டு மலரில் சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கையை நினைவு கூருகின்றோம்.

சுவாமிகள் சிக்காகோ மகாசபையில் முழங்கிய வரலாற்றை நம் சிறுவரும் அறிவர். பேச்சுப் போட்டி மேடைகளில் அதைக் கேளாத ஆண்டில்லை. அம்முழக்கத்துக்குப் பின்னால் ஒரு மனித உடல் இருந்தது. அது களைத்தது, நோயுற்றது, இடந்தேடி இளைப்பாறியது. அவ்வரலாற்றைச் சொல்வார் மிகச் சிலரே. அதனையே இங்கு சொல்ல முற்படுகின்றோம்.

நரேந்திரநாத தத்தர் என்னும் இயற்பெயருடைய சுவாமிகள் 1863ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் திகதி கல்கத்தா நகரிற் பிறந்தார். கட்டுடல் வாய்ந்தவர், இன்குரலில் இசை பாடுபவர், எதையும் சோதித்தறியாமல் ஏற்காதவர். தட்சிணேசுவரத்துப் பரமஹம்சரை அடைந்து, அவரிடத்தும் வினாவெழுப்பி, ஈற்றில் அவருக்கே தம்மை ஒப்படைத்தார். 1884இல் தந்தையார் காலமானதும் குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. 1886 ஆகஸ்ட் 16ஆம் திகதி குருதேவரும் மறைந்தார். பின்னர் துறவு பூண்டு, தண்டும் கமண்டலமுமாகப் பாரதத்தின் நீளமும் அகலமும் கண்டார். பட்டினியும் கால்நடையும் நிறைந்த அவ்வாண்டுகளிலேயே அவ்வுடலின் தேய்வு தொடங்கியிருத்தல் வேண்டும் என்று நாம் கருதுகின்றோம்.

1893 மே 31ஆம் திகதி பம்பாயிற் கப்பலேறிய சுவாமிகள், கொழும்பு, சிங்கப்பூர், ஹொங்கொங், ஜப்பான் வழியாகச் சென்று ஜூலை மாத இறுதியில் வட அமெரிக்கக் கரையை அடைந்தார். செப்டெம்பர் 11ஆம் திகதி சர்வமத மகாசபை கூடியது. அன்று கிடைத்த புகழ் மறுநாளே சுமையாக மாறியது. பிரசங்க ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தஞ் செய்து ஊர் ஊராகச் சென்றார். இன்று ஒரு நகரம், நாளை வேறொரு நகரம், புகையிரதத்திலேயே பல இரவுகள், மேடையில் வினாக்கணைகள், மேடைக்கு வெளியே அவதூறுகள். மாரிக்காலப் பனியோ நம் நாட்டார் கண்டறியாதது. 1894இல் அவ்வொப்பந்தத்தை உதறினார். ஆயினும் உழைப்பை உதறவில்லை. நியூயோர்க் நகரில் வகுப்புகள் தொடங்கினார்.

1895 கோடையில் உடல் மிகத் தளர்ந்தது. அன்பர்கள் வற்புறுத்தலின்பேரில் சென் லோரன்ஸ் நதியிலுள்ள ஆயிரந் தீவுப் பூங்கா என்னும் இடத்துக்குச் சென்றார். மாணவி ஒருவர் தம் சிறு வீட்டை அவருக்கென ஒதுக்கி, ஒரு பகுதியைப் புதிதாகக் கட்டியுங் கொடுத்தார். சூழவும் மரங்கள், கீழே நதி, சனசந்தடியே இல்லை. ஆனால் அங்கும் நடந்ததென்ன? பன்னிரண்டு மாணாக்கர் வந்து கூடினர். ஏழு வாரங்கள் நாள்தோறும் பாடம் நடந்தது. இளைப்பாறச் சென்றவர் இடைவிடாது போதித்தார். அப்போதனைகளை ஒரு மாணவி குறித்து வைத்தமையால் அவை பின்னர் நூலாயின. உலகுக்கு அது பெரும் இலாபம்; அவர் உடலுக்கு இலாபமா என்று கேட்பாரில்லை.

மறு ஆண்டு, 1896 கோடையில், இலண்டன் வகுப்புகளாற் சோர்ந்திருந்த அவரைக் கப்டன் சேவியரும் அவர் மனைவியாரும் வேறோர் அன்பருடன் சேர்ந்து சுவிற்சர்லாந்து மலைகளுக்கு அழைத்துச் சென்றனர். பனிமுடி தரித்த அல்ப்ஸ் சிகரங்களின் நடுவே மலைக்கிராமத்து வழிகளில் உலாவியபோது அவருக்கு இமயத்தின் நினைவு வந்தது. இத்தகைய தனிமையான இடமொன்று இமயத்தில் அமைய வேண்டும். அங்கே கீழ்நாட்டாரும் மேல்நாட்டாரும் ஒன்றாயிருந்து சாதனை புரிய வேண்டும் என்று அவர் விரும்பினார். அவ்விருப்பத்தைச் சேவியர் தம்பதிகள் தம் நெஞ்சிற் பதித்துக் கொண்டனர். இங்கிலாந்திலிருந்த தம் உடைமைகளை விற்று, அவருடன் பாரதத்துக்குப் புறப்பட்டனர்.

1897 ஜனவரி 15ஆம் திகதி சுவாமிகள் கொழும்பில் வந்திறங்கினார். மூன்றரை ஆண்டு அந்நிய நாடுகளில் அலைந்து வந்த ஒருவருக்கு முதலில் வேண்டியது ஒரு பாயும் ஒரு தலையணையுமே. நம்மவர் கொடுத்தவையோ மாலையும் மேளமும் வரவேற்புப் பத்திரமும். அன்பு மிகுதியாற் செய்ததில் குற்றமில்லை. கொழும்பில் பிரசங்கம், கண்டியில் வரவேற்பு. பின்னர் மாத்தளையிலிருந்து குதிரைவண்டியில் நெடும்பயணம். தம்புள்ளையைக் கடந்து சிறிது தூரத்தில் வண்டியின் சக்கரம் உடைந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் நடுவழியிற் காத்திருக்க நேர்ந்தது. பின்னர் கிடைத்த மாட்டுவண்டிகளில் மெல்ல மெல்ல அநுராதபுரம் சேர்ந்தனர். அங்கிருந்து வவுனியா வழியாக யாழ்ப்பாணம் சென்று, இந்துக் கல்லூரியில் வேதாந்தத்தைப் பற்றி நீண்டதொரு சொற்பொழிவாற்றினார். பாம்பன், இராமநாதபுரம், மதுரை, கும்பகோணம், சென்னை என வழி நெடுகிலும் கூட்டமும் பேச்சுமே. கல்கத்தாவை அடைந்தபோது அவருடைய உடல் மேலும் தாங்காது என்றாயிற்று. நீரிழிவு நோய் வெளிப்பட்டது. வைத்தியர்கள் வேலையனைத்தையும் நிறுத்தும்படி கட்டளையிட, மார்ச் மாதத்தில் டார்ஜிலிங் மலைக்குப் போனார்.

அங்கிருந்து திரும்பியதும் என்ன செய்தார்? மே 1ஆம் திகதி இராமகிருஷ்ண சங்கத்தைத் தாபித்தார். தனி மனிதன் சுமக்கும் பாரத்தைப் பலர் கூடிச் சுமக்க வேண்டும் என்பதை அவர் தம் உடலிலேயே கற்றிருந்தார் போலும். அது முடிந்த சில நாட்களில் அல்மோராவுக்குப் புறப்பட்டு, அவ்வூருக்கு அப்பால் ஓர் அன்பரின் தோட்டத்திற் சில வாரங்கள் தங்கினார். காலையும் மாலையும் குதிரையேற்றம், பழமும் பாலும் கொண்ட உணவு, நல்ல உறக்கம் என்று உடல் தேறியது. தேறிய உடலுடன் ஆகஸ்ட் மாதம் மீண்டும் சமவெளிக்கு இறங்கிப் பிரயாணத்தைத் தொடங்கினார்.

இங்கே இரண்டு இளைஞரை நினையாமல் மேலே செல்ல நமக்கு மனம் வரவில்லை. ஒருவர் இராஜம் ஐயர். கமலாம்பாள் சரித்திரத்தை எழுதிய தமிழர். 1896 ஜூலையில் சென்னை அன்பர்கள் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில மாத இதழைத் தொடங்கியபோது அதன் ஆசிரியரானவர் அவரே. 1898 மே மாதம் தமது 26ஆம் வயதில் நோயுற்று மறைந்தார். மற்றவர் குட்வின் என்னும் ஆங்கிலேயர். சுவாமிகளின் சொற்பொழிவுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர். கொழும்பு முதல் அல்மோரா வரை நிகழ்ந்த சொற்பொழிவுகளில் பெரும்பகுதி இன்று நம் கையில் இருப்பது அவர் உழைப்பினாலேயே. அவரும் அடுத்த மாதம், ஜூன் 2ஆம் திகதி, உதகமண்டலத்தில் மறைந்தார். முப்பதாண்டு கூட நிரம்பவில்லை. இச்செய்திகள் சுவாமிகளைக் கலங்க வைத்தன. ஆசிரியரை இழந்து நின்றுவிட்ட இதழை அல்மோராவுக்குக் கொண்டுசென்று, சேவியரின் உதவியோடும் சுவாமி சொரூபானந்தரை ஆசிரியராக அமர்த்தியும் மீண்டும் நடத்தச் செய்தார்.

1899 மார்ச் 19ஆம் திகதி, சுவிற்சர்லாந்து மலையில் எழுந்த எண்ணம் உருப்பெற்றது. குமாவோன் மலைப்பகுதியில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 6,400 அடி உயரத்தில், தேவதாரு முதலிய மரங்கள் அடர்ந்த மாயாவதி என்னுமிடத்தில் அத்வைத ஆச்சிரமம் அமைந்தது. சேவியர் தம்பதிகள் தம் பொருளையும் உடலுழைப்பையும் அதற்கே ஈந்தனர். இதழும் அங்கே குடிபுகுந்தது. வடக்கே இமயத்தின் வெண்பனி வரிசை தெரியும் அவ்விடத்தை, யாருக்காகக் கட்டினார்களோ அவர் இன்னும் காணவில்லை.

காண்பதற்குள் இரண்டாம் முறை வெளிநாடு செல்ல நேர்ந்தது. 1899 ஜூன் 20ஆம் திகதி கல்கத்தாவிலிருந்து புறப்பட்டார். கப்பல் சென்னையை அடைந்தபோது, பிளேக் நோய்த் தடைச் சட்டத்தினால் அவரைக் கரையிறங்க விடவில்லை. அன்பர்கள் படகுகளில் வந்து கண்டு சென்றனர். நீண்ட கடற்பயணம் உடலுக்குச் சற்று இதமாயிருந்தது. அமெரிக்காவில் லெகெற் குடும்பத்தார் ஹட்சன் நதிப் பள்ளத்தாக்கிலுள்ள தம் கிராமத்து மாளிகையில் ஏறத்தாழ பத்து வாரங்கள் அவரை வைத்துப் பராமரித்தனர். அதன்பின் கலிபோர்ணியாவில் மாதக்கணக்காக வகுப்பும் பிரசங்கமும். பின்பு பாரிஸ், வியன்னா, கொன்ஸ்தாந்திநோபிள், ஏதென்ஸ், கெய்ரோ. கெய்ரோவில் இருக்கையில் திடீரென மனம் தாயகத்தை நாடியது. உடன் வந்தோரை விட்டுத் தனியே கப்பலேறினார்.

1900 டிசெம்பர் 9ஆம் திகதி இரவு. பேலூர் மடத்தில் துறவியர் உணவுக்கு அமர்ந்திருந்தனர். யாரோ ஒரு துரை வந்திருக்கிறார் என்று தோட்டக்காரன் ஓடிவந்து அறிவித்தான். வாயிற்கதவின் திறப்பைத் தேடிக்கொண்டு எழுந்தவர்கள் வெளியே வருமுன்னரே அந்தத் துரை மதிலேறிக் குதித்து உள்ளே வந்து நின்றார். ஐரோப்பிய உடையிலிருந்த அவர் சுவாமிகளேயென்று கண்டதும் மடம் முழுவதும் ஆனந்தக் கூச்சல். சாப்பாட்டு மணியோசை கேட்டதென்றும், தாமதித்தால் ஒன்றும் மிஞ்சாதென்று பயந்தே குதித்ததாகவும் அவர் வேடிக்கையாகச் சொன்னாராம். ஆசனம் போட்டுக் கிச்சடியைப் பரிமாறினார்கள். பல நாட் பசி தீர உண்டார். அவர் கண்ட வரவேற்புகளிலெல்லாம் இதுவே சிறந்தது என்பது நம் எண்ணம். மேளமில்லை, மாலையில்லை, பேசும்படி கேட்பாருமில்லை. களைத்து வந்தவருக்கு ஓர் இலை, உண்பதற்குச் சுடுசோறு, கூடியிருக்கச் சகோதரர்கள்.

ஆனால் ஒரு துயரச் செய்தியும் அங்கே காத்திருந்தது. கப்டன் சேவியர் அக்டோபர் 28ஆம் திகதி மாயாவதியில் மறைந்துவிட்டார். அவர் விருப்பப்படியே இந்து முறையில் ஆற்றங்கரையிற் தகனம் செய்திருந்தனர். சேவியர் அம்மையாருக்கு ஆறுதல் கூற வேண்டுமென்று சுவாமிகள் துடித்தார். வந்து மூன்று கிழமையும் ஆகவில்லை. டிசெம்பர் 27ஆம் திகதி மீண்டும் புறப்பட்டார். உடன் சென்றவர்கள் சுவாமி சிவானந்தரும் சுவாமி சதானந்தரும். காத்கோடாம் என்னும் ஊருடன் புகையிரதப் பாதை முடிந்தது. அதற்கப்பால் 60 மைலுக்கு மேற்பட்ட மலைப்பாதை. ஆச்சிரமத்திலிருந்து சுவாமி விரஜானந்தர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு எதிர்கொள்ள வந்திருந்தார். மழையும் பனியும் சேர்ந்து பிடித்துக் கொண்டன. டோலி தூக்குவோர் வழுக்கும் பாதையிற் தடுமாறினர். ஓரிரவை வழியிலிருந்த ஒரு கடைக்காரனின் புகை சூழ்ந்த சிறு குடிசையிற் கழிக்க நேர்ந்தது. பெரிய மாளிகைகளில் விருந்துண்டவர், பனிக்காற்று நுழையும் அக்குடிசையிற் படுத்திருந்தார்.

1901 ஜனவரி 3ஆம் திகதி மாயாவதியை அடைந்தார்; 18ஆம் திகதி வரை அங்கே தங்கினார். சேவியர் அம்மையார் துயரைத் தாங்கி, ஆச்சிரமத்துக் காரியங்களைத் தாயென நின்று நடத்துவதைக் கண்டு மனம் நெகிழ்ந்தார். வெளியே பனி, ஆஸ்துமா நோயும் தொல்லைப்படுத்தியது. மேல்மாடியில் குளிர் பொறுக்கமுடியாமல் கணப்பு எரியும் கீழறைக்கு வந்தார். வானம் தெளிந்த நாட்களில் ஏரிக்கரையில் உலாவினார். பிற்காலத்தில் பொதுவேலைகளை விட்டு இவ்வேரிக்கரைக்கே வந்து, நூலெழுதியும் பாட்டிசைத்தும் காலங்கழிக்க வேண்டுமென்று உடனிருந்தோரிடம் சொன்னார். தமது 38ஆம் ஆண்டு நிறைவை அவர் அடைந்ததும் அவ்வாச்சிரமத்திலேயே.

ஓய்வென்று சொன்னோம்; எனினும் பேனா ஓயவில்லை. பிரபுத்த பாரதத்துக்கு அந்நாட்களில் மூன்று கட்டுரைகள் எழுதினார். அவற்றுள் ஒன்று ஆரியரையும் தமிழரையும் பற்றியது. இமயத்துப் பனியில், நோயுற்ற உடலோடு, கணப்பின் அருகிலிருந்து தமிழரின் தொன்மையையும் நாகரிகப் பெருமையையும் அவர் எண்ணி எழுதினார் என்னும் செய்தி, தமிழராகிய நம்மை நெகிழச் செய்கின்றது.

மாயாவதியிலிருந்து திரும்பிய ஒரு கிழமைக்குள் சுவாமிகள் செய்த காரியம் யாது? அதுவே இக்கட்டுரையின் உயிர்நாடி. ஜனவரி 30ஆம் திகதி பேலூர் மடத்தின் நம்பிக்கைப் பொறுப்புப் பத்திரத்தில் ஒப்பமிட்டு, தம் பெயரிலிருந்த மடத்துச் சொத்தை முழுவதும் சகோதரத் துறவியரிடம் ஒப்படைத்தார். பொறுப்பாளர் வரிசையில் தம் பெயரைச் சேர்க்கவில்லை. பெப்ரவரியில் சுவாமி பிரமானந்தர் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். தாம் கட்டியதைத் தாம் உயிரோடிருக்கும்போதே பிறர் கையிற் கொடுத்துவிட்டு, அப்பால் நின்று பார்த்தார். பனிமலைத் தனிமையில் அவர் எண்ணியது இதுவாகவும் இருக்கலாம் என்று ஊகிக்கின்றோம். உடல் படுத்தாலும் மனம் படுக்காது. பாரத்தை இறக்கி வைத்தவனுக்கே மெய்யான இளைப்பாறல் உண்டு.

பின்னர் தாயாரை அழைத்துக்கொண்டு கிழக்கு வங்காளம், அசாம் முதலிய இடங்களுக்குத் தீர்த்தயாத்திரை போய் வந்தார். மடத்திலே நாயும் ஆடும் வளர்த்து, அவற்றோடு குழந்தைபோல் விளையாடினார். தோட்டத்து வேலை செய்தார். இளந்துறவியருக்குப் பாடஞ் சொன்னார். மாயாவதி ஏரிக்கரைக்கு மறுபடியும் போக அவருக்கு வாய்க்கவில்லை. 1902 ஜூலை 4ஆம் திகதி இரவு, 39 வயதும் ஐந்தரை மாதமும் ஆன நிலையில், அவ்வாத்மா உடலை உதறியது. ஆயினும் சங்கம் தளரவில்லை. ஏனெனில் பாரத்தை அவர் முன்னரே பலர் தோளில் ஏற்றியிருந்தார்.

இவ்வரலாறு எங்கோ இமயத்தில் நிகழ்ந்ததென்று நாம் நினைத்தல் கூடாது. சுவாமிகள் நம் கிழக்குக் கரைக்கு வந்ததில்லை. அவர் தோளில் இறக்கிய பாரத்தின் ஒரு பகுதியோ இங்கே வந்தது. மாயாவதிப் பனியில் உடன் நடந்த அதே சுவாமி சிவானந்தர் பின்னாளில் சங்கத்தின் தலைவரானார். 1924இல் காரைதீவு தந்த மயில்வாகனனாருக்குத் துறவளித்து, சுவாமி விபுலானந்தர் ஆக்கியவர் அவரே. கல்லடி உப்போடையில் 1929இல் எழுந்த சிவானந்த வித்தியாலயம் அவர் பெயரையே தாங்குகின்றது. விபுலானந்த அடிகளும் 1939இல் மாயாவதிக்குச் சென்று, ஒருகால் இராஜம் ஐயர் அமர்ந்த அந்த ஆசிரியர் பீடத்திற் சில ஆண்டுகள் அமர்ந்தார். இமயத்திலிருந்தும் யாழைப் பற்றிய ஆராய்ச்சியை அவர் விடவில்லை. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூல் அரங்கேறியது. நோயுற்ற உடலோடு அவ்விழாவைக் கண்ட அடிகளார், அடுத்த மாதம் 19ஆம் திகதி கொழும்பிற் சமாதியடைந்தார். அவரும் உழைத்தே தேய்ந்தவர்.

இளைஞர்காள்! பெரியோர்களே! இவற்றை ஏன் எடுத்துரைத்தோம்? நம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் பலர் வெளிநாடு சென்று உழைக்கின்றார்கள். வீட்டுக்கு ஒருவரென்று சொன்னாலும் பிழையாகாது. அவர்கள் விடுமுறையில் வந்து இறங்கிய அன்றே கடன் கேட்போரும், நன்கொடைப் புத்தகம் நீட்டுவோரும், கொண்டுவந்த பெட்டியைப் பார்ப்போரும் வாசலில் நிற்கின்றோம். பேலூரில் அன்றிரவு பரிமாறிய கிச்சடியை நினைவோம். முதலில் அவர்கள் உண்டு உறங்கட்டும், பின்பு பேசுவோம்.

நம் மன்றத்தையும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். திருவிழாவா, சிரமதானமா, அறநெறி வகுப்பா, இம்மலரா, எதுவாயினும் அதே நான்கைந்து பேர் தோளிலேயே பாரம் ஏறுகின்றது. ஏனையோர் வேடிக்கை பார்த்துக் குறை சொல்கின்றோம். சில ஆண்டுகளில் அந்நால்வரும் களைத்து ஒதுங்கினால் மன்றம் சோர்ந்ததென்று வருந்துகின்றோம். மறுபுறம், பதவியிலிருப்போர் சிலர் பாரம் தம்மை நசுக்கிய பின்னும் அதை இளையோர் கையிற் கொடுக்க மனங் கொள்ளார். இரண்டும் தவறு. தூக்காதவன் ஒரு முனையையேனும் தூக்கட்டும். தூக்கியவன் உரிய நாளில் இறக்கிக் கொடுக்கட்டும். இக்குற்றம் பிறருடையதென்று சொல்லி நாம் தப்பிக்கொள்ள விரும்பவில்லை. இம்மலரைத் தொகுத்த நாமும் இவ்விரு கூட்டத்திலும் மாறி மாறி இருந்தவர்களே.

வருகின்ற ஆண்டில் நம் மன்றத்தின் ஒவ்வொரு பணியிலும், முன்பு அதைச் செய்தறியாத ஓர் இளைஞரேனும் பங்கு கொள்வாராக. நெடுநாள் உழைத்த பெரியோர் குளக்கட்டு மருதநிழலில் கவலையின்றிச் சற்றிருந்து, இளையோர் செய்வதைக் கண்டு மகிழ்வாராக. மாயாவதி ஏரிக்கரையில் சுவாமிகள் விரும்பியும் பெறாத அவ்விளைப்பாறலை, நம்மிடையே உழைப்பவர்க்கு நாம் அளிப்போமாயின், அதுவே அவருக்கு நாம் எடுக்கும் மெய்யான விழாவாகும்.